பேச்சு ஜாஸ்தி, பேச்சு கம்மி

கரியாலூர் மலை
18.6.2023

அன்புள்ள 'ஏங்க'வுக்கு,

பத்து வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறேன். கடிதம் என்பதற்காகப் புதிதாக ஒரு பெயரை நான் எங்கே போய்த் தேடுவேன்? இங்கே நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை கரும்புக்கொல்லையிலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுகிறீர்களா?

கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. முன்சீட்டு அம்மாவின் மடியில் இரண்டு கோழிகள். அவை பேசாமல் வந்தன, எனக்குத்தான் வாந்தி. கரியாலூரில் இறங்கி, அங்கிருந்து உள்ளே ஒரு ஜீப். பள்ளிக்கூடம் சின்னது, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி பக்கத்திலேயே இருக்கிறது. போன உடனே பெண்பிள்ளைகள் விடுதியையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். அதனால் சனி, ஞாயிறு கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை இறங்கி வந்தால் பெரிய விஷயம்.

பள்ளிக்கூடத்தில் போன் எடுக்காது. நேற்று கரியாலூர் வரை நடந்து போய் உங்களைக் கூப்பிட்டேன் அல்லவா? பஸ்ஸில் நடந்தது, பிள்ளைகள் சாமைச் சோற்றைக் குழம்பு ஊற்றாமலேயே அள்ளிச் சாப்பிடுவது, என் அறைக் கதவைச் சாத்த முடியாதது, எல்லாம் சொன்னேன். நீங்கள் 'ம்' என்றீர்கள். அப்புறம் 'சரி'. அப்புறம் 'வெச்சிடட்டா?' பக்கத்தில் நின்ற டீக்கடை அம்மா கேட்டார், "இன்னா டீச்சர், அந்தப் பக்கம் ஆள் கீறாரா இல்லியா?" எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு என்று அவரிடம் சொல்லவில்லை.

அதனால் இனி போன் வேண்டாம். எழுதுங்கள். வாயில் கொழுக்கட்டை இருந்தாலும் கை சும்மாதானே இருக்கிறது?

இன்னொன்று. அடுத்த மே மாதம் இடமாறுதல் கலந்தாய்வு. கீழே ஒரு பள்ளிக்கூடம் கேட்டு வந்துவிடலாம். மார்ச் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பதா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள். பதவி உயர்வு வந்த அன்று "போகட்டுமா?" என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றீர்கள். என் இஷ்டம் எனக்குத் தெரியாதா? நான் கேட்டது உங்கள் இஷ்டத்தை.

இரண்டு போர்வை போர்த்தியும் நடுங்கிக்கொண்டிருக்கும்,
எழில்மதி

*

மூங்கில்துறைப்பட்டு
2.7.2023

எழிலுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது. கரும்புக்குக் களை எடுத்தாயிற்று. கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆதிமூலம்

*

கரியாலூர் மலை
16.7.2023

அன்புள்ள 'ஏங்க'வுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் கொஞ்சம் கொதிக்கிறது. ஐந்து வரி! இதற்காகவா அந்தத் தபால்காரர் மழையில் மலையேறி வந்தார்? பாவம் அந்த மனிதர், கவரைக் கையில் கொடுக்கும்போது "வூட்டுக்காரர் எழுதியிருக்காருங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். தாழ்ப்பாள் போட்டாயிற்று. நீங்கள் அதை எழுதினீர்கள் என்பதற்காக அன்றே ஆளைப் பிடித்துப் போட்டுக்கொண்டேன், போதுமா?

இங்கே ரம்யா என்று ஒரு சின்ன டீச்சர், கள்ளக்குறிச்சிப் பெண். அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எல்லா விஷயத்திலும் தன்னைப் போலவே இருக்கிற பையன்தான் வேண்டும் என்கிறாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தா சண்டையே வராது இல்ல மிஸ்? உங்க வூட்ல எப்படி?" என்று கேட்டாள். மடை திறந்துவிட்டாள், நான் விடுவேனா? எனக்கு மார்கழியிலும் ஃபேன் ஓட வேண்டும், அவருக்குச் சித்திரையிலும் போர்வை வேண்டும். சினிமாவுக்குப் போனால் நான் அழுவேன், அவர் தூங்குவார். நான் ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறுவேன், அவர் முதல் கடையில் முதல் சட்டையை வாங்கிக்கொண்டு வாசலில் நிற்பார். எங்கள் கல்யாணப் பந்தியில் உங்கள் அக்கா சொன்னதையும் சொன்னேன்: "பொண்ணு பேச்சு ஜாஸ்தி, புள்ள பேச்சு கம்மி, கூட்டிக் கழிச்சா கணக்கு சரியா பூடும்." ரம்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு, "அப்ப நீங்க சந்தோஷமாதான் இருக்கீங்க இல்ல மிஸ்?" என்றாள். மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டேன். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

முதல் ஐந்து வருடம் இந்த வித்தியாசத்தையெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தோம். சரியாகச் சொன்னால் நான் சிரித்தேன், நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அதுவே போதுமாக இருந்தது. குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போன அந்த மார்கழிக்குப் பிறகு... வேண்டாம். அதை எழுத உட்காரவில்லை.

கலந்தாய்வைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் கேட்டது ஞாபகம் இருக்கட்டும். அடுத்த கடிதம் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். மோட்டார் ஓடுகிறதா என்றாவது எழுதுங்கள், அதையும் படிப்பேன்.

கோபமாக, ஆனால் வழி பார்த்துக்கொண்டு,
எழில்மதி

*

மூங்கில்துறைப்பட்டு
10.9.2023

எழிலுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதச் சொன்னாய். எழுதிப் பார்க்கிறேன்.

மோட்டார் ஓடுகிறது. கரும்பு இடுப்புக்கு மேலே வந்துவிட்டது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. டிவியைப் போட்டுப் பார்த்தேன். அது பாட்டுக்குப் பேசுகிறது, நம்மை ஒன்றும் கேட்பதில்லை. அணைத்துவிட்டேன். நேற்று ரசம் வைத்தேன். புளி ஜாஸ்தி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு இளவரசனைக் கூப்பிட்டு ஊற்றினேன், குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னான்.

அவனிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவன் டிராக்டருக்கு டயர் மாற்றுவது, அவன் மாமனார் வீட்டுச் சண்டை, எங்கள் அப்பா காலத்தில் சர்க்கரை ஆலைக்கு மாட்டுவண்டி ஓட்டியது, என்னென்னவோ. கிளம்பும்போது "இன்னாண்ணா, நீ இவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல" என்றான். நானும் பார்த்ததில்லை.

பக்கம் முடிந்துவிட்டது. பின்பக்கத்தில் எழுதலாமா என்று தெரியவில்லை. மழைக்காலம், தலையை நனைக்காதே.

ஆதிமூலம்

*

கரியாலூர் மலை
15.10.2023

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை ரம்யாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவரா மிஸ் பேச்சு கம்மி?" என்றாள். பின்பக்கத்திலும் எழுதலாம். தபால்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு வேறு மாதிரி தோன்றியது. நான் இருந்தவரைக்கும் பேசாத மனிதர், நான் மலையேறின பிறகு இளவரசனிடம் வெகுநேரம் பேசுகிறார். இத்தனை வருடம் நான் விடாமல் பேசிப் பேசி உங்களுக்கு இடமே கொடுக்கவில்லையோ? நான் ஒருத்தி விலகியதும் உங்களுக்குப் பேச்சு வந்திருக்கிறது. நல்லதுதான்.

மலையில் இப்போதெல்லாம் நாலு மணிக்கே பனி இறங்கிவிடுகிறது. பிள்ளைகள் படிக்கும் சத்தம் அடங்கினால் வேறு சத்தம் கிடையாது. தீபாவளிக்கு இரண்டு நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். வருகிறேன். வாசலைப் பெருக்கி வையுங்கள்.

எழில்மதி

*

மூங்கில்துறைப்பட்டு
20.11.2023

எழிலுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே எனக்குக் குறை ஒன்றுமில்லை. பஸ் கிளம்பின பிறகு டிக்கெட்டுக்குச் சில்லறை வைத்திருந்தாயா என்று கேட்க மறந்தது ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினேன். அந்த ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது ஒன்று கவனித்தேன். நீ ரொம்ப அமைதியாக இருந்தாய். தோட்டத்துத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்ன வேண்டும் என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாய். முன்பெல்லாம் ஒரு முறுக்கு பிழியும் நேரத்தில் ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடிப்பாய். மலை உனக்கு ஒத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன். மனிதருக்கு மனசு நிறைந்திருந்தால் பேச்சு எதற்கு? எனக்கு அப்படித்தான். நீ பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், வேறு ஒன்றும் தேவைப்படாது. இப்போது உனக்கும் அந்த நிம்மதி வந்திருக்கிறது. பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

நான்தான் அந்த இரண்டு நாளும் வாய் ஓயாமல் பேசினேன். உனக்குத் தலைவலித்திருக்கும். எதற்கு அப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. நிறுத்தினால் நீ கிளம்பிவிடுவாய் போல இருந்தது. இளவரசனுக்கும் அவன் வீட்டுக்காரிக்கும் திரும்பச் சண்டை, அதைச் சொன்னேனா? இரண்டும் ஒரே மாதிரி கோபம், ஒரே மாதிரி வீம்பு. இவன் சாப்பிடாவிட்டால் அவளும் சாப்பிட மாட்டாள். நேற்று இரண்டு பேரும் பட்டினி கிடந்து, நான் போய் இரண்டு பேருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு தோசை தீய்ந்துவிட்டது. அதை நான் சாப்பிட்டேன். உன் தோசைக்கல்லை இப்போது நன்றாகக் கழுவி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

மாசியில் நமக்கு ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வரும் என்கிறார்கள். இந்த வருடம் கரும்பு நல்ல கனம். தாள் முடிகிறது, இன்னொரு தாள் எடுக்க உள்ளே போக வேண்டும், அந்த மேஜை விளக்கு எரியவில்லை. மீதியை அடுத்ததில் எழுதுகிறேன்.

ஆதிமூலம்

*

கரியாலூர் மலை
20.12.2023

அன்புள்ள உங்களுக்கு,

நலம். அரையாண்டு விடுமுறைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகள் சிலர் விடுதியில் இருக்கிறார்கள்.

மார்கழி பிறந்துவிட்டது. ரம்யா கோலம் போடக் கூப்பிட்டாள், போகவில்லை.

உங்களுக்கு இந்த மாதத்தைப் பற்றி ஏதாவது எழுதத் தோன்றினால் எழுதுங்கள்.

எழில்மதி

*

மூங்கில்துறைப்பட்டு
25.2.2024

எழிலுக்கு,

உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறாயா? எனக்குக் கையில் ஒரு கீறல் தவிர ஒன்றுமில்லை. அதுவும் கரும்புத் தோகை கிழித்தது, ஆறிவிட்டது. பதில் போட ரொம்ப நாள் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

வெட்டு முடிந்தது. ஆள் கூட்டம் விடியற்காலையிலேயே வந்து இறங்கினார்கள். அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினேன், நானே. உப்பு போட மறந்துவிட்டேன். ஒரு பாட்டம்மா "உன் வூட்டுக்காரி எங்க?" என்று கேட்டார். மலையில் டீச்சராக இருக்கிறாள் என்று ஆரம்பித்து, பிள்ளைகள் சாமைச் சோறு சாப்பிடுவது, உன் அறைக் கதவு, தாழ்ப்பாள், கோழி கொண்டுவந்த அம்மா, எல்லாம் சொன்னேன். அந்தம்மா கஞ்சி குடித்து முடித்து, அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குள் இறங்கின பிறகும் வரப்பில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இளவரசன் டிராக்டரில்தான் ஏற்றினோம். ஆலை வாசலில் எப்போதும்போல வரிசை. ஒரு பகல் முழுக்க நின்றோம். முன்னால் நின்ற வண்டிக்காரரிடம் பேசினேன், பின்னால் நின்றவரிடம் பேசினேன். பழைய ஆட்கள் சிலர் வந்தார்கள். பூமாலை அண்ணன் இன்னும் மாட்டுவண்டிதான் ஓட்டுகிறார். என் தோளில் கையை வைத்து ஒன்று விசாரித்தார். என்ன விசாரித்தார் என்று எழுதவில்லை. அவர் மாட்டுக்குக் கொம்பில் புண், அதற்கு வேப்பெண்ணெய் போடச் சொன்னேன்.

இப்போது கொல்லை வெறிச்சென்று கிடக்கிறது. கரும்பு நின்றபோது வீட்டிலிருந்து பார்த்தால் ரோடு தெரியாது. இப்போது தெரிகிறது. பஸ் போகிற போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். எந்த பஸ்ஸும் மலையிலிருந்து நேராக வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

கலந்தாய்வைப் பற்றி முதல் கடிதத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாய். யோசித்துப் பார்த்தேன். பொங்கலுக்கு ஒரு நாள் வந்து போனாய், அதிலும் அந்த அமைதியைப் பார்த்தேன். உன் கடிதமும் சின்னதாகிக்கொண்டே வருகிறது. மனசில் குறை இருந்தால்தானே ஒருத்தர் பக்கம் பக்கமாக எழுதுவார்? நீ அங்கே நன்றாக இருக்கிறாய். இங்கே வந்து இந்தப் பேசாத ஆளோடு திரும்ப மல்லுக்கட்ட வேண்டாம். எனக்காக என்று நினைத்து இறங்கி வராதே. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தோசைகூட இப்போது தீய்வதில்லை. நீ அங்கேயே இரு.

இன்னும் நிறைய இருக்கிறது. தாள் இல்லை.

ஆதிமூலம்

*

கரியாலூர் மலை
23.3.2024

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்கள் சொன்னபடியே இங்கேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோடை விடுமுறையில் பயிற்சி வகுப்பு இருக்கிறது. வர மாட்டேன்.

எழில்மதி

*

தியாகதுருகம்
7.4.2024

எழிலுக்கு உன் நாத்தனார் சாலம்மாள் எழுதறது.

நீ சாப்பிட்டியா, தூங்கினியா? இங்க எல்லாரும் கடவுள் புண்ணியத்துல நல்லா கீறோம். எனக்குப் புத்தகத்துல வர்ற மாதிரி எழுத வராதும்மா, பேசற மாதிரியே எழுதறேன். நீ டீச்சர், சேப்பு மையால திருத்தாத.

போன ஞாயித்துக்கிழமை உன் வூட்டுக்காரன் இங்க வந்தான். காலையில வந்தவன் பொழுது சாயற வரிக்கும் பேசிக்கினே இருந்தான். எங்கிட்ட பேசினான், என் மருமவகிட்ட பேசினான், காய் விக்க வந்தவகிட்ட பேசினான். எனக்குப் பயமா பூடுச்சி. ஏன்னா எனக்கு என் தம்பியத் தெரியும். அவன் பேசினா ஒடிஞ்சி போய்க்கினு இருக்கான்னு அர்த்தம். எங்கப்பா செத்தன்னிக்குப் பாடை தூக்கற வரிக்கும் பேசினான். பந்தக்காரன்கிட்ட பேசினான், மேளக்காரன்கிட்ட பேசினான். ஒரு சொட்டு கண்ணுத் தண்ணி இல்ல, பேச்சுதான். உனக்கு இது தெரியாது, அது நீ வர்றதுக்கு முன்னால.

அந்த மார்கழியில நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்து செவுத்தப் பாத்துக்கினு படுத்துக் கெடந்த. ரெண்டு மாசம் வாயத் தொறக்கல. அவன் கரும்பு ஏத்திக்கினு போயிட்டான்னு நீ நெனச்சிருப்ப. கல்லு மனசுன்னு நெனச்சிருப்ப. நெனைக்காம இன்னா பண்ணுவ? ஆனா அவன் ஆலை வாசல்ல வரிசையில நின்னுக்கினு ஒவ்வொரு வண்டிக்காரன்கிட்டயும் போயி கொழந்தையப் பத்திப் பேசியிருக்கான். கொழந்தைக்கு ஒரு பேரு வெச்சிருந்தானாம். அந்தப் பேர அங்க இருந்த அத்தினி பேருக்கும் சொல்லியிருக்கான். பூமாலை அண்ணன் என் வூட்டுக்கு வந்து அதச் சொல்லி அழுதாரு.

"ஏன்டா, அவகிட்ட சொல்லக் கூடாதா?"ன்னு நான் அப்பவே கேட்டேன். "அவ அமைதியா கீறாக்கா. தேறிக்கினு வரா. நான் போயி கெளறக் கூடாது"ன்னான். உன் அமைதியும் தன் அமைதி மாதிரிதான்னு நெனச்சிட்டான் பைத்தியக்காரன்.

இப்பவும் அதான். "அவ அங்க நிம்மதியா கீறாக்கா, லெட்டரே சின்னதா ஆயிடுச்சி"ன்னு சொல்றான். சிரிச்சிக்கினே சொல்றான், சொல்லிக்கினே துண்டால மூஞ்சத் தொடைக்கிறான். நீ எழுதிக் குடுத்துட்டன்னு சொன்னான். நீ நல்லா இருந்தா எழுதிக் குடுத்திருக்க மாட்ட, சண்ட போட்டிருப்ப. அதுக்குதான் எழுதறேன். அந்தப் பேர் இன்னான்னு நான் எழுத மாட்டேன். அது அவன் சொல்லணும்.

உடம்பப் பாத்துக்கோ. பனியில தலைக்குத் துணி கட்டிக்கோ.

சாலம்மாள்

*

கரியாலூர் மலை
14.4.2024

ஏங்க,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. நீங்களும் சுகமில்லை, நானும் சுகமில்லை. உங்கள் அக்கா எழுதியிருக்கிறார். பிள்ளைகள் நேற்று ஊருக்குப் போய்விட்டார்கள், ரம்யாவும் போய்விட்டாள். இந்த விடுதியில் நான் ஒருத்தி. இன்று வருடப்பிறப்பு. காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையும் நிம்மதி என்று எழுதிவிடாதீர்கள், மலையிலிருந்து குதித்துவிடுவேன்.

என்னங்க இது? நான் பேசாமல் இருந்தால் உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்று அர்த்தம். பத்து வருடத்தில் இதுகூடத் தெரியவில்லையா? எனக்கு மட்டும் என்ன தெரிந்தது? உங்கள் நீளக் கடிதங்கள் வர வர, நான் இல்லாத வீட்டில் இந்த மனிதர் பூத்துக் குலுங்குகிறார் என்று நினைத்தேன். தோசை ஊற்றுகிறார், ஊரெல்லாம் சிநேகிதம், நான் எதற்கு நடுவில் என்று நினைத்தேன். நீங்கள் எழுதிய ஒவ்வொரு பக்கமும் என்னைக் கூப்பிட்டுக் கத்தியது. எனக்குக் கேட்கவில்லை. என் காது நான் பேசுவதையே கேட்டுக் கேட்டுப் பழகியது.

அந்த மார்கழியில் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது நீங்கள் கதவு வரை வருவது கேட்கும். நிற்பீர்கள். திரும்பிப் போவீர்கள். இன்றைக்கு உள்ளே வருவார், இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நீங்கள் அங்கே நின்றீர்கள். உங்களுக்கு நான் வேண்டாம், அந்தக் குழந்தையும் வேண்டாம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகும் உங்களோடு ஐந்து வருடம் வாயாடியிருக்கிறேன். எப்படிப் பேசினேன் என்று நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

எழுதிக் கொடுத்ததைத் திரும்பத் தர மாட்டார்களாம். தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன். இன்னும் ஒரு வருடம் நான் இங்கேதான். அதை மாற்ற முடியாது.

பயிற்சி வகுப்பு என்று எழுதியது பொய். ஆனாலும் இந்த முறை நான் இறங்கி வர மாட்டேன். ஒரு வருடமாக நான்தான் ஏறி இறங்குகிறேன். இந்த மலைக்கு நீங்கள் ஒருதரம்கூட வந்ததில்லை. நீங்கள் ஏறி வாருங்கள். வந்து பேச வேண்டும் என்றுகூட இல்லை, கதவைத் தாண்டி உள்ளே வந்தால் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று எழுதி அனுப்புங்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் நின்ற வண்டிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை. நம் குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்?

எழில்

*

மூங்கில்துறைப்பட்டு
21.4.2024

எழிலு,

பாரதி. ஆணோ பெண்ணோ, அதே பேர்தான்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

ஆதிமூலம்